எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் திரை

விழுப்புரம்,
வியாழக்கிழமை, சாயங்காலம்.

ஆரோக்கிய மாதாவின் அருளால் திண்டிவனத்தில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கும் அன்பு மைத்துனர் அந்தோணிசாமி வாத்தியார் அவர்களுக்கு, உங்கள் அக்காளைக் கட்டிய சவுரிராயன் கைப்பட எழுதுவது.

இங்கே நான் நலம். உங்கள் அக்கா பூமாலை நலம். உங்கள் மருமகள் அஸ்வினி, தானும் நலம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று விசாரிக்கச் சொல்லித்தான் இந்தக் கடிதமே. நீங்கள் பஸ்ஸில் போட்டு அனுப்பிய மல்லாட்டை வந்து சேர்ந்தது, சந்தோஷம். ஆனால் மூட்டை வாயில் இருந்த முடிச்சு உங்கள் கை முடிச்சு மாதிரி இல்லை. வழியில் யாரோ இரண்டு பிடி கடலை அள்ளியிருக்கிறார்கள். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. வண்டியில் டிரைவரையும் கண்டக்டரையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கையில் செல்போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு மெனக்கெட்டுப் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அஸ்வினி காதில் விழும். எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஒற்றைக் கல், நான் இருமினால் பக்கத்து வீட்டில் மிளகு ரசம் வைப்பார்கள். நேரிலேயே வந்து சொல்லிவிடலாம் என்று போன வாரம் கிளம்பியும் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்ததும் கெத்தாக நோட்டை நீட்டி, "கடைசி ஸ்டாப்பு, ஒண்ணு" என்றேன். கொடுத்த டிக்கெட்டில் ஊர் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால், மெஷின் டிக்கெட்டில் மையே இல்லை, வெறும் காகிதம். இந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி கடைசியாக நின்ற இடத்தில் இறங்கினால் எதிரே பனமலை ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது. "சார், நீங்க செக்கிங் சவுரிராயன் சார்தானே? திண்டிவனம் வண்டி பக்கத்துல தானே நின்னுக்கினு இருந்துச்சி!" என்று அந்தக் கண்டக்டர் பையன் வாயைப் பிளக்கிறான். "தெரியும்பா, சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்" என்று சொல்லி ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு அதே வண்டியில் திரும்பி வந்தேன். பஸ் போர்டில் ஊர் பேரை இப்போதெல்லாம் மங்கலாக எழுதுகிறார்கள். எவனோ பெயின்டில் தண்ணீர் கலக்கிறான். ஆகையால்தான் கடிதம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சர்வீஸ் பூராவும் டிக்கெட் செக்கிங்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றவன் நான். எந்த வண்டியிலும் பின்படியில்தான் ஏறுவேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான், என்னவோ அவன் அப்பன் வயல் மாதிரி. பழைய டிக்கெட் வைத்திருப்பவன் கேட்பதற்கு முன்னால் தானாக நீட்டுவான். ஒழுங்காகக் காசு கொடுத்து எடுத்தவன்தான் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் இடுப்பு, பை, பொண்டாட்டி மடி எல்லாம் தேடுவான். இந்த ஞானத்தை ரிட்டையர் ஆகும்போது அவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்துத்தான் இப்போது வீட்டில் செக்கிங் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அஸ்வினி இங்கே ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள் அல்லவா, அந்த வேலையை வீட்டிலும் செய்ய ஒரு லேப்டாப் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்குகிறாள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வாங்கு, ஆனால் ஸ்கிரீனை நான்தான் பார்த்து எடுப்பேன், அதுவும் ஹாலில்தான் இருக்க வேண்டும், என் நாற்காலிக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்றாள். ஒரு வாக்குவாதம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பெற்ற மகள் அப்பன் சொன்னதும் சரி என்று சொன்னால் எந்த அப்பனுக்குத்தான் சந்தேகம் வராது? அன்றைக்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதுரை என்று ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். முதல் லேப்டாப்பைத் திறந்து, "சார், பதினஞ்சு புள்ளி ஆறு இஞ்ச் ஸ்கிரீனு" என்றார். நான் பேச்சை நம்புகிறவனா? உங்கள் அக்காவின் தையல் டேப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்தக் கடையில் வெளிச்சம் போதாது, அதனால் டேப்பை நான் பிடித்து அஸ்வினியையே படிக்கச் சொன்னேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பதிமூன்றரையும் கொஞ்சமும்தான் வருகிறது. ஆள் மாட்டினான் என்று நினைத்தேன். சின்னதுரை சிரிக்கிறார். "சார், ஸ்கிரீன மூலைக்கு மூலை அளக்கணும் சார். உலகம் பூரா அப்டித்தான்." நான் விடவில்லை. நிலத்தை மூலைக்கு மூலை அளந்து எவனாவது பத்திரம் போடுவானா? பாயை மூலைக்கு மூலை அளந்து எவனாவது படுப்பானா? பாண்டிச்சேரியிலிருந்து வருகிறவன் வழியில் இருக்கிற கோலியனூருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் வந்து இறங்குகிற கதையாக அல்லவா இருக்கிறது இது! கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பா, கோணையா அளக்கறதுதான்ப்பா வழக்கம். கத்தாதீங்க" என்றாள் அஸ்வினி. கோணலாக அளக்கிறது ஒரு வழக்கம், அதற்கு என் மகளே சாட்சி. எப்படி இருக்கிறது பாருங்கள்.

அளவில் ஆரம்பித்தது தகராறு. அவளுக்குப் பதினாலு இஞ்ச் போதுமாம். "பஸ்ல தூக்கிக்கினு போவணும்ப்பா, தோள் வலிக்கும்" என்கிறாள். எனக்குப் பதினேழு வேண்டும். பதினாலு இஞ்சில் எழுத்தெல்லாம் கடுகு மாதிரி ஊர்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. விளங்கக் கூடாது என்பதுதானே எண்ணம்! மறைக்கிறதுக்கு எதுவும் இல்லாதவள் எதற்குச் சின்ன ஸ்கிரீன் கேட்கிறாள்? "பதினேழ தூக்கிக்கினு போவ தனியா ஒரு ஆளு வெக்கணும்" என்றாள். நான் சும்மா இருக்கிறேன், நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அதைக் கேட்டதும் அவள் அடுத்த லேப்டாப்பைத் திறக்கப் போய்விட்டாள். கவனித்துக்கொண்டேன்.

அடுத்து பளபளப்பு. ஸ்கிரீனில் இரண்டு சாதியாம். ஒன்று முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபள என்று இருக்கும், இன்னொன்று அழுக்குத் துணியால் துடைத்து வைத்த மாதிரி மந்தமாக இருக்கும். காசு கொடுத்து எவனாவது மந்தமானதை வாங்குவானா என்று முதலில் பளபளப்பைத்தான் எடுக்கச் சொன்னேன். அஸ்வினி அதன் எதிரே உட்கார்ந்து ஏதோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பழைய பழக்கத்தில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தலையைக்கூடத் திருப்பாமல், "ஏம்ப்பா பின்னாடி வந்து நிக்கிறீங்க?" என்கிறாள்! பார்த்தால் ஸ்கிரீனில் என் முகம், என் மீசை, என் கைக்குடை எல்லாம் விழுந்திருக்கிறதாம். பின்படியில் ஏறுகிற செக்கிங்கை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிற ஸ்கிரீன் எனக்கு எதற்கு? அந்த நிமிஷமே கட்சி மாறினேன். மந்தமானதுதான் வேண்டும் என்றேன். "அதத்தான்ப்பா நானும் மொதல்ல இருந்து சொல்றேன், கண்ணு கூசாது" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண் கூசுவதைப் பற்றி அவளுக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை, இப்போதும் பிடிபடவில்லை.

மூன்றாவது விஷயம்தான் எல்லாவற்றுக்கும் தலை. ஸ்கிரீனுக்கு உள்ளே இருக்கிற பலகையிலும் இரண்டு வகை இருக்கிறது, வாத்தியார். உங்களிடமும் ஒரு லேப்டாப் இருக்கிறதே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். டி.என். என்று ஒன்று, எதிரே உட்கார்ந்து பார்த்தால் நன்றாகத் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் கறுத்துப்போய் போட்டோ நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். ஐ.பி.எஸ். என்று இன்னொன்று, அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியுமாம். சின்னதுரை இதைச் சொன்ன உடனே என் மகள் முந்திக்கொண்டு, "ஐ.பி.எஸ்.தான் வேணும்" என்றாள். ஏன் என்று கேட்டால், "பொண்ணு பொடவ அரக்குன்னா அரக்காத்தான் தெரியணும்ப்பா. போன மாசம் ஒரு ஆல்பத்துல கத்திரிப்பூ கலரு பிரிண்ட்டுல ஊதாவா வந்து ஒரே பேஜாராப் போச்சி" என்று காரணம் சொல்கிறாள். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் அப்பன் உட்காரப் போகிறான் என்று தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற ஸ்கிரீனைத் தானாகவே கேட்கிறாள். கேட்பதற்கு முன்னால் நீட்டினால் அது பழைய டிக்கெட் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

ஆகவே சோதித்தேன். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே கல்யாண போட்டோவைப் போடச் சொன்னேன். வீட்டில் நான் உட்காரப் போகிற பக்கமாகத் தள்ளிப் போய் நின்றேன். டி.என். புகை மூட்டம். சரி, அது அப்படித்தான். ஐ.பி.எஸ்.ஸைப் பார்த்தேன். அதுவும் புகை மூட்டம்! மாப்பிள்ளை எது, பொண்ணு எது, குத்துவிளக்கு எது என்றே தெரியவில்லை. "சார், இதுல பளிச்சினு தெரியுதே சார்" என்று சின்னதுரை சத்தியம் செய்கிறார். அஸ்வினி என் பக்கத்தில் வந்து நான் நின்ற அதே இடத்தில் நின்று பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அப்பா, ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க" என்றாள். கலர் சோதிக்க இது ஏதோ முறைபோல என்று வலது கண்ணை மூடிப் பார்த்தேன், சுத்தமாகப் புகை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், மழைநாளில் துடைக்காத பஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஏதோ தெரிந்தது. தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்யா! பேர மாத்தி வெல ஏத்தி விக்கிற!" கடையே அதிர்ந்தது. அஸ்வினியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படியே வாடிப்போய்விட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்குதுப்பா, பாத்து" என்கிறாள். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியவனுக்குக் கடைப்படி காட்டுகிறாள்! கையைப் பிடித்துச் சமாதானம் செய்கிறாளாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த ஸ்கிரீனில் ஏதோ செட்டிங் இருக்கிறது. ஊரில் யார் பார்த்தாலும் தெரியும், தகப்பன் நிற்கிற பக்கத்துக்கு மட்டும் தெரியாது. சின்னதுரையும் இவளும் கூட்டு. இரண்டு லேப்டாப்பையும் யாருக்கும் விற்காமல் ஞாயிற்றுக்கிழமை வரை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதோடு போகட்டும் என்றால் நேற்று ஒருத்தன் வீட்டுக்கே வந்துவிட்டான். பேர் தென்னரசு. "ஸ்டூடியோ அக்காவோட தம்பிப்பா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தாரு" என்றாள் அஸ்வினி. வேலையாக வந்தவன் வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முழங்காலில் முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு டார்ச். கிட்டத்தில் உட்கார்ந்ததால் பார்த்தேன். பட்டப்பகலில் டார்ச் எதற்கு? பேசும்போது மரியாதையாகத் தரையைப் பார்த்துப் பேசுவான் என்று பார்த்தால், நேராக என் கண்ணுக்குள்ளேயே பார்க்கிறான். முதலில் இந்தக் கண், அப்புறம் அந்தக் கண். வருங்கால மாமனாரை எடைபோடுகிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம் சுவரைக் காட்டி, "அங்கிள், அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்னா விசேஷம் போட்டிருக்குது?" என்று கேட்டான். காலண்டர்காரன் ஆணியடித்தது எதிர்ச்சுவரில், அச்சடித்தது எறும்பு எழுத்தில். "விசேஷம் எல்லாம் மனசுல இருக்கணும் தம்பி, காலண்டர்ல இல்ல" என்று ஒரே போடாகப் போட்டேன். "ரொம்ப சரி அங்கிள்" என்றான். உங்கள் அக்கா அவனுக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தாள், எனக்கு இந்த வீட்டில் முப்பது வருஷமாக ஒரு டம்ளர்தான். போகும்போது வாசலில் இரண்டு பேரும் கிசுகிசு என்று பேசிக்கொண்டார்கள். ஒரு சீட்டைக் கொடுத்தான். இவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

இன்றைக்குக் காலையில் முழுசாகப் பிடித்துவிட்டேன். அடுப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் ஹாலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். (பேப்பரும் இப்போது மோசம், எழுத்தை எழுத்தின் மேல் அச்சடிக்கிறார்கள்.) அவள் சொன்னது அத்தனையும் என் காதில் விழுந்தது: "திங்கட்கெழமைக்கு டேட் குடுத்துட்டாங்க. அப்பாகிட்ட இப்பவே சொன்னா ஒத்துக்கவே மாட்டாரு. ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிக்கினு போயி உக்கார வெச்சிட்டா அப்புறம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொந்தக்காரங்க ஒருத்தரு கையெழுத்து போடணுமாம், நீங்க கண்டிப்பா வந்துடுங்க. ஜல்தி முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடலாம்." வாத்தியார், நீங்களே சொல்லுங்கள். டேட், கையெழுத்து, அப்பன் சம்மதிக்க மாட்டான், ஜல்தியாக முடித்துவிடலாம். இது ரிஜிஸ்தர் கல்யாணம் இல்லாமல் வேறு என்ன? பெற்றவனைச் சாக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, எதிரே தாலி கட்டிக்கொள்ளப் போகிறார்கள். எதிர்முனையில் பேசினது எந்தப் பாவி என்றுதான் தெரியவில்லை. சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு பொய்க் கையெழுத்து போட வருகிற அந்த ஆளை மட்டும் நேரில் பார்த்தேன் என்றால் டிக்கெட் இல்லாதவனை நடுக்காட்டில் இறக்கிவிடுகிற மாதிரி இறக்கிவிடுவேன்.

ஆத்திரமாக எழுதுகிறேனே தவிர நெஞ்சு வலிக்கிறது. ஒரே பிள்ளை. பிடித்திருக்கிறது அப்பா என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன கடித்துத் தின்றுவிடுவேனா? சரி, கொஞ்ச நாள் கத்தியிருப்பேன். அதற்காக அப்பனை மூன்றாம் மனுஷன் மாதிரி ஒதுக்கிவைத்து வீடே கூடிக் குசுகுசுக்கிறதா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுபோச்சு என்று நினைக்குமாம், இவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகையால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதல் வண்டியைப் பிடித்து வந்துவிட வேண்டும். நீங்கள்தான் அவளுக்குத் தாய்மாமன், நீங்கள் கேட்டால் மறைக்க மாட்டாள். முதலில் என்னோடு சின்னதுரை கடைக்கு வந்து, என் பக்கத்தில் நின்று, அந்த ஐ.பி.எஸ். ஸ்கிரீன் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். உண்மை வரவில்லை என்றால் லேப்டாப்பும் கிடையாது, ஸ்டூடியோவும் கிடையாது, திங்கட்கிழமை வீட்டுக்கு வெளியே கால் வைக்கவும் கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

கரண்ட்டும் சரியில்லை, வோல்டேஜ் குறைவு, பல்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது, அதனால் கையெழுத்து முன்னே பின்னே இருந்தால் மன்னிக்கவும். உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா எந்தக் குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். ஊரில் கேட்டவர்களுக்கு எல்லாம் கேட்டேன் என்று சொல்லுங்கள், கேட்காதவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாமல் நிற்கும்,
சவுரிராயன்.

பி.கு.: இது உண்மையில் இரண்டாவது பின்குறிப்பு. முதலாவது, இதோடு மடித்து வைத்திருக்கிற வெற்றுத் தாளில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும் ஆத்திரம் தீராமல், இன்னொரு தாளை எடுத்து வேகமாக எழுதிக்கொண்டே போனேன். உங்கள் அக்கா காபியோடு வந்து நின்றாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"ஏன், கண்ணு தெரியல? லெட்டர் எழுதறேன்."

"வெறும் தாள்ல பேனாவ தேச்சிக்கினு இருக்கீங்க. ஒரு எழுத்து விழலியே! மை எப்பவோ தீந்துபோச்சி."

தாளைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு எழுதின தாளும் ஒன்றுதான், எழுதாத தாளும் ஒன்றுதான். வோல்டேஜ் குறைவு என்றேன். "லைட்டு பளீர்னு எரியுது" என்றாள். சொல்லிவிட்டு காபியைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அஸ்வினி, இங்க வாடி. இதுக்கு மேல மறைக்க முடியாது" என்று கூப்பிட்டாள்.

அஸ்வினி அந்தச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என் கையில் கொடுத்து என்ன புண்ணியம், அவளே படித்தாள். பாண்டிச்சேரியில் கண்ணாஸ்பத்திரி, திங்கட்கிழமை, சவுரிராயன், இடது கண்ணில் புரை. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம். தென்னரசு என்கிறவன் அந்த ஆஸ்பத்திரிக்காக ஊர் ஊராகப் போய் கண் பார்க்கிற ஆள். கல்யாணம் எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. கையெழுத்து போட வருகிற சொந்தக்காரன், எதிர்முனையில் பேசின பாவி, நீ. இத்தனை நேரம் உனக்கு நாலு பக்கம் மரியாதை கொடுத்து எழுதினேன் பார், இனிமேல் உனக்கு 'நீங்கள்' கிடையாது.

டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான் என்று எழுதினேன் அல்லவா? இத்தனை மாதமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான் மச்சான். பனமலையில் இறங்கின அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் தெரியும். பயம். கண்ணில் கத்தி வைப்பார்களே என்று ஒரு பயம். கண்ணே இல்லை என்றால் அப்புறம் செக்கிங் சவுரிராயன் யார் என்று ஒரு பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பெயின்டையும் பேப்பரையும் சின்னதுரையையும் பெற்ற பிள்ளையையும் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அஸ்வினி இந்தக் கடிதம் பூராவையும் சத்தம் போட்டு உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்டூடியோவை விட்டு நிறுத்துவேன் என்று எழுதின இடம் வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை, தாண்டிப் போய்விட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியில், எந்த லேப்டாப்மா எடுக்கப்போற, பதினாலே எடுத்துக்கோ என்றேன். "இல்லப்பா, பெருசே எடுக்கறேன். ஐ.பி.எஸ்.ஸு. கட்டுப் பிரிச்சப்புறம் நீங்க பக்கத்துல உக்காந்துக்கினு நான் செய்யறதெல்லாம் பாக்க வேணாமா? தூக்கறத நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் காபி குடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. படித்துவிட்டு அடுப்பில் போடு. அந்த வெற்றுத் தாளை மட்டும் வைத்துக்கொள். அதில் அவளைப் பற்றி எழுதினதெல்லாம் ஒரு தகப்பன் எழுதக்கூடாதது. மை தீர்ந்ததற்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். இந்தப் பின்குறிப்பைக்கூட நான் சொல்லச் சொல்ல அஸ்வினிதான் எழுதுகிறாள், அதனால்தான் வரி நேராக இருக்கிறது.

இதற்குக் கீழே உன் அக்கா எழுதுகிறாள், அஸ்வினியை அப்பளம் வாங்கக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து என்னை விழுப்புரம் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று அந்தத் தென்னரசு சொல்லியிருக்கிறானாம். எல்லா பேஷண்ட்டையும் அப்படித்தான் விடுவானாம். எல்லா பேஷண்ட் வீட்டிலும் இரண்டு டம்ளர் காபி குடிப்பானா? அவன் குடும்பம் உன் திண்டிவனம் பக்கம்தான் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வரும்போது என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு வா. திங்கட்கிழமை எனக்கு ஒரு கண்ணில்தான் கட்டுப் போடுவார்கள். இன்னொன்று திறந்துதான் இருக்கும்.